மின்னணு ஸ்ட்ரட்டைக் கழற்றிச் சாதா ஸ்ட்ரட் போடுவது: முதல்முறை கைவைப்பவர்களுக்கு

வண்டியைக் கிளப்பியதும் முகப்புத் திரையில் 'சர்வீஸ் சஸ்பென்ஷன் சிஸ்டம்' என்று ஒரு வரி வருகிறது. பொத்தானை அழுத்தினால் மறைகிறது. மறுநாள் காலையில் மீண்டும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சில மாதங்களில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால், அடுத்த தெருமுனை வரை முன்பக்கம் படகு போல ஆடுகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் பழைய பெரிய எஸ்யூவிகளான யூகான் டெனாலி, டாஹோ, சபர்பன், எஸ்கலேட் வைத்திருக்கும் பலருக்கு இது பழகிய கதை. பட்டறையில் நான்கு மின்னணு ஷாக்குகளையும் (வண்டியின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்க் குழாய்கள்; முன்பக்கத்தில் இருப்பவற்றை ஸ்ட்ரட் என்பார்கள்) மாற்ற எழுதித் தரும் தொகை, வண்டியை இன்று விற்றால் கிடைக்கும் பணத்தோடு போட்டி போடும்.

என்னுடையது 2011 யூகான் டெனாலி. மிச்சிகனில் குளிர்காலம் முழுக்க உப்புத் தூவிய சாலைகளில் ஓடிய வண்டி. மின்னணு ஷாக்குகளை எடுத்துவிட்டுச் சாதாரண ஷாக்குகளை நானே மாட்டினேன். ஒருமுறை அல்ல, இரண்டு முறை. முதல்முறை செய்தது தவறு. ஷாக்கை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்தேன். பின்பக்கம் தொங்கிப்போய், முகப்பு விளக்குகள் மரக்கிளைகளைப் பார்க்கத் தொடங்கின. எதிரே வந்தவர்கள் எல்லாரும் விளக்கை அணைத்து அணைத்துத் திட்டிவிட்டுப் போனார்கள். நீங்கள் கழற்றப்போவது நான்கு குழாய்களை அல்ல, ஒரு முழு அமைப்பை. அதன் மிச்சம் மீதியெல்லாம் காருக்குள் இருந்துகொண்டு, இல்லாத உறுப்பைத் தேடிக்கொண்டே இருக்கும். பிடிபடாத தொல்லைகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

உங்களிடம் இருப்பது எது?

ஜெனரல் மோட்டார்ஸ் 2007 முதல் 2014 மாடல் வரை விற்ற முழு அளவு எஸ்யூவிகளைப் பற்றித்தான் பேசுகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு டாஹோக்களுக்கு அடியில் வேறு வேறு சஸ்பென்ஷன் இருக்கலாம். எது என்று அறிய அடியில் படுக்க வேண்டாம். கையுறைப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு வெள்ளை ஒட்டுத்தாள், அதில் வரிசை வரிசையாக மூன்றெழுத்துக் குறியீடுகள். இசட்55 என்று இருந்தால் ஆட்டோரைடு. இசட்95 என்றால் மேக்னெட்டிக் ரைட் கண்ட்ரோல், எஸ்கலேடில் பார்க்கலாம். இசட்85 அல்லது இசட்71 என்றால் உங்களிடம் இருப்பது ஏற்கெனவே சாதா ஷாக். இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை. ஜி69 என்ற குறியீட்டையும் தேடுங்கள். பாரம் ஏற்றினால் பின்பக்கத்தைத் தானாகத் தூக்கி நிறுத்தும் காற்று அமைப்பு அது. அது இருந்தால் வேலை கொஞ்சம் கூடும்.

ஆட்டோரைடில் ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெயின் வழியை ஒரு மின்காந்த வால்வு இறுக்கியும் தளர்த்தியும் விடுகிறது. மேக்னெட்டிக் ரைடு இன்னும் விநோதமானது. அதில் வால்வு கிடையாது. எண்ணெயிலேயே நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்திருக்கும். பிஸ்டனில் சுற்றிய கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் துகள்கள் சங்கிலி போலக் கோத்துக்கொள்ளும், எண்ணெய் கெட்டிப்படும். நிறுத்தினால் இளகிவிடும். டெல்ஃபை நிறுவனம் உருவாக்கி, 2002இல் காடிலாக் செவில் எஸ்டிஎஸ் காரில் முதன்முதலாக வந்த நுட்பம் இது. பிறகு கார்வெட், ஃபெராரி வரை போயிற்று. நல்ல நிலையில் இருக்கும்போது இதற்கு ஈடாகச் சாதா ஷாக் எதையும் நான் ஓட்டியதில்லை. ஆனால் நாம் பேசுவது தேய்ந்துபோனதைப் பற்றி.

ஒரு சொல் விளக்கம். இந்த வண்டிகளின் முன்பக்கம் இருப்பது, இலக்கணப்படி ஸ்ட்ரட் அல்ல. மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்பது சக்கரத்தைத் தாங்கும் எலும்பாகவும் வேலை செய்யும். இதில் அந்த வேலையை, சக்கரத்தைச் சட்டத்தோடு இணைத்து மேலும் கீழும் அசையும் கைகளான கண்ட்ரோல் ஆர்ம்கள் பார்த்துக்கொள்கின்றன. சுருள்வில்லுக்குள் ஷாக் நுழைந்த வடிவம் என்பதால் கடைக்காரர் முதல் மெக்கானிக் வரை எல்லாரும் ஸ்ட்ரட் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஸ்ட்ரட்தான் போயிற்றா என்று பாருங்கள்

அந்த எச்சரிக்கை வரி வந்ததாலேயே ஷாக் போய்விட்டது என்று பொருள் இல்லை. சக்கரம் மேலும் கீழும் எவ்வளவு அசைகிறது என்று அளக்கும் சென்சார்கள் கண்ட்ரோல் ஆர்மோடு ஒரு சிறு குச்சியால் இணைந்திருக்கும். உப்பும் பனியும் தின்று அந்தக் குச்சி ஒடிந்தாலும் இதே வரிதான் வரும். ஒயர் அரித்தாலும், பின்பக்கக் காற்றுக்குழாய் கசிந்தாலும் அப்படித்தான். சி என்ற எழுத்தில் தொடங்கும் சேசிஸ் பழுதுக் குறியீடுகளைப் படிக்கக்கூடிய ஸ்கேனர் ஒன்றை இரவல் வாங்குங்கள். எஞ்சின் குறியீடுகளை மட்டும் காட்டும் மலிவு ரகம் இதற்கு உதவாது.

பிறகு மல்டிமீட்டர். இடது முன் ஷாக்கின் பிளக்கைக் கழற்றி, ஷாக் பக்கத்து இரு முனைகளுக்கிடையே மின்தடையை அளந்து, அதையே வலதுபக்கமும் செய்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கம்பிச்சுருள் உயிரோடு இருக்கிறது. ஒன்றில் மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது. ஷாக் உடலில் லேசான எண்ணெய்ப் படலம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஈரமாக வழிந்து, அதில் மண் ஒட்டிச் சேறாகியிருந்தால் அது முடிந்த கதை. டயரை விரலால் தடவிப் பாருங்கள்; மேடும் குழியுமாகக் கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் சாலையில் துள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

யார் இதைச் செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கனமான டிரெய்லரை அடிக்கடி இழுப்பவர்கள் பின்பக்கத்தைத் தானாகச் சமன்செய்யும் வசதியை இழப்பார்கள். அதற்கு ஈடாக எடையைப் பகிரும் ஹிட்ச் வாங்க வேண்டிவரும். சுருள்வில்லே இல்லாமல் முழுக்கக் காற்றுப்பையில் நிற்கும் வண்டிகளுக்கும், எண்ணெய்க் குழாய்களால் நான்கு சக்கரமும் இணைந்த வண்டிகளுக்கும் இந்த வழிமுறை பொருந்தாது. வண்டி நல்ல விலைக்குப் போகும் வயதில் இருந்தால், அதே மின்னணு ஷாக்கைத் திரும்பப் போடுவதே மேல்.

எதை வாங்குவது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நான் அவசரப்பட்டுத்தான் மாட்டிக்கொண்டேன்.

ஜி69 உள்ள வண்டியில் பின்பக்க ஷாக்குகள் வெறும் ஷாக்குகள் அல்ல. அவற்றைச் சுற்றி ஒரு காற்று உறை உண்டு. கம்ப்ரஸர் அதில் காற்றை அடைத்து, வண்டியின் எடையில் ஒரு பங்கை அதன்மேல் ஏற்றிவிடுகிறது. அந்தத் துணையை நம்பி, தொழிற்சாலையில் பின்பக்கச் சுருள்வில்லைக் கொஞ்சம் மென்மையாகவே வைத்துவிட்டார்கள். காற்று ஷாக்கை எடுத்துவிட்டுச் சாதா ஷாக்கை மாட்டினால், அந்த மெல்லிய வில் மட்டும் மொத்தப் பாரத்தையும் சுமக்க வேண்டும். சும்மா நிற்கும்போது பெரிதாகத் தெரியாது. மூன்றாவது வரிசையில் பிள்ளைகளும் டிக்கியில் நான்கு பெட்டியும் ஏறியதும் தெரியும். ஆகவே பின்பக்கத்துக்கு இசட்85 ரகத்துக்கு இணையான சுருள்வில்களும் சேர்த்தே வாங்க வேண்டும். விளம்பரத்தில் 'நான்கு ஷாக்' என்று மட்டும் இருந்தால் பின்பக்க வில் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் தனியாக வாங்குங்கள், அல்லது வேறு தொகுப்பைப் பாருங்கள்.

ஆர்னாட், ஸ்ட்ரட்மாஸ்டர்ஸ், மன்ரோ போன்ற நிறுவனங்கள் இத்தகைய மாற்றுத் தொகுப்புகளை விற்கின்றன. மூன்று கேள்விகளை வைத்து ஒப்பிடுங்கள். முன்பக்க ஸ்ட்ரட் வில்லோடு பூட்டப்பட்டு முழுதாக வருகிறதா? பின்பக்க வில் உண்டா? எச்சரிக்கை வரியை அணைக்கும் மின்னணுப் பெட்டியோ மின்தடையோ உள்ளே இருக்கிறதா, இருந்தால் அது உங்கள் குறியீட்டுக்கானதா? இசட்55க்கு எழுதியது இசட்95க்கு வேலை செய்யும் என்று நம்பிவிடாதீர்கள். இரண்டின் ஷாக்குகளும் உள்ளே வேறு வேறு சரக்கு.

முழுதாகப் பூட்டி வரும் முன் ஸ்ட்ரட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை. கொடுங்கள். பழைய வில்லை எடுத்துப் புது ஷாக்கில் ஏற்றுவதென்றால் அந்த வில்லை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆட்டோசோன், ஓ'ரைலி போன்ற கடைகள் முன்பணம் வாங்கிக்கொண்டு வில் அழுத்தும் கருவியை இரவல் தருவது உண்மைதான். ஆனால் இரண்டரை டன் வண்டியின் முன் வில்லை இரண்டு கொக்கிக் கம்பிகளால் அழுத்தும்போது ஒன்று நழுவினால், அது போய் நிற்குமிடம் சுவராக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பழைய வில்லைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், கழற்றிய ஸ்ட்ரட்டையும் புது ஷாக்கையும் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போய், சுவரில் பொருத்திய அழுத்தியில் மாற்றித் தரச் சொல்லுங்கள். சிறிய வேலை; மறுக்க மாட்டார்கள்.

முந்தின நாள்

கையில் இருக்க வேண்டியவை: உறுதியான தரை ஜாக்கி, குறைந்தது இரண்டு ஸ்டாண்டுகள் (உயரம் வேண்டும் என்பதால் ஆறு டன் ரகம்), சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, மில்லிமீட்டர் பாக்ஸ் ஸ்பேனர் தொகுப்பு, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு முறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்), பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. வீல் நட்டுக்கு 22 மில்லிமீட்டர் பாக்ஸ். பின்பக்க ஆக்சிலைத் தாங்க இரண்டாவது ஜாக்கி ஒன்று இருந்தால் பாதிச் சண்டை தீர்ந்தது.

எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற பட்டியலை உங்கள் மாடலின் சேவைக் கையேட்டிலிருந்து எழுதி, சட்டைப் பையில் வையுங்கள். அமெரிக்காவில் பல பொது நூலகங்கள் உறுப்பினர்களுக்கு வாகனப் பழுதுபார்ப்புத் தரவுத்தளங்களை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிடுகின்றன. நூலக அட்டை இருந்தால் போதும்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து நான்கு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ஒப்பிட உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

பிறகு துரு நீக்கும் எண்ணெய். கழற்றப்போகும் ஒவ்வொரு நட்டின் மரையிலும் முந்தின நாள் காலையும் மாலையும் அடித்துவிடுங்கள். சாலையில் உப்புத் தூவாத அமெரிக்கத் தென்மாநிலத்து வண்டியென்றால் இது வெறும் சடங்கு. உப்புச் சாலையில் ஓடிய வண்டியென்றால் இதுதான் வேலையே. இவ்வளவு செய்தும் என் வண்டியில், வளைவில் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்புக் கம்பி இரண்டும் கழல மறுத்தன, அறுத்துத்தான் எடுத்தேன். அந்த இணைப்புகளைப் புதிதாக வாங்கித் தயாராக வைத்துக்கொள்வது நல்லது, விலை அதிகமில்லை.

முன்பக்கம்

எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்மின் (மைனஸ்) முனையைக் கழற்றுங்கள். பின் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, முன்பக்கத்தைச் சேசிஸ் சட்டத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் இறக்குங்கள். இடுப்பால் ஒருமுறை வண்டியை ஓங்கித் தள்ளிப் பாருங்கள். ஆடினால் இப்போதே ஆடட்டும்.

சக்கரத்தைக் கழற்றியதும் முதலில் ஒயர்கள். மின்னிணைப்பு ஷாக்கின் தண்டு வழியாக மேலே வருவதால் பிளக் ஸ்ட்ரட்டின் உச்சியில் இருக்கும். அதன் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். அடுத்து உயரச் சென்சாரின் குச்சியை ஒரு முனையில் விடுவியுங்கள். இதை மறந்தால், கண்ட்ரோல் ஆர்ம் கீழே தொங்கும்போது குச்சி ஒடியும். நல்ல சென்சார் ஒன்று வீணாகும்.

ஸ்டெபிலைசர் இணைப்பு, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் முனை, மேல் கண்ட்ரோல் ஆர்மின் உருண்டை மூட்டான மேல் பால் ஜாயிண்ட் ஆகிய மூன்றையும் விடுவித்தால் ஸ்ட்ரட் வெளியே வரத் தாராளமாக இடம் கிடைக்கும். பால் ஜாயிண்டின் நட்டை முழுவதும் கழற்றாமல் இரண்டு மூன்று மரை மிச்சம் வையுங்கள். பிறகு, சக்கரம் பூட்டியிருக்கும் உலோகத் துண்டான நக்கிளின் தடித்த பகுதியில், ஜாயிண்ட் நுழையும் இடத்தின் பக்கவாட்டில், சுத்தியலால் கனமாக இரண்டு அடி. பட்டென்று விடும். மரைமேல் அடிக்காதீர்கள். மிச்சம் வைத்த நட்டு இருப்பதால் எல்லாம் ஒரேயடியாகச் சரிந்து விழாது. நக்கிளைப் பிடித்துக்கொண்டு அந்த நட்டையும் எடுத்துவிட்டு, அதை ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் குழாயும் சக்கரச் சென்சார் ஒயரும் அதன் எடையைச் சுமக்கக் கூடாது. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் நக்கிள் வெளிப்பக்கம் சாய்ந்தால் அச்சின் உள் இணைப்பு பிரிந்துவிடும் அபாயமும் உண்டு.

இனி ஸ்ட்ரட். கீழே கண்ட்ரோல் ஆர்மில் இரண்டு போல்ட், மேலே வட்டமாக மூன்று நட்டு. மேலே அந்த மூன்றுக்கும் நடுவில் பெரிதாக ஒரு நட்டு கண்ணைப் பறிக்கும். அதைத் தொடாதீர்கள். அழுத்தப்பட்ட வில்லைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த நட்டு ஒன்றுதான். அதைக் கழற்றினால் ஸ்ட்ரட் வெடித்துப் பிரியும். கீழ் இரண்டை எடுத்து, மேல் மூன்றில் கடைசி நட்டைக் கழற்றும்போது ஒரு கையால் ஸ்ட்ரட்டைத் தாங்குங்கள். எதிர்பார்ப்பதைவிடக் கனமாக இருக்கும்.

புதியதைப் பழையதன் பக்கத்தில் நிறுத்தி உயரத்தையும் மேல் ஆணிகளின் திசையையும் ஒப்பிடுங்கள். மேலே மூன்று ஆணியும் கீழே குறுக்குக் கட்டையும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் இருந்தால்தான் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் உட்காரும். கோணம் தவறாகப் பூட்டி வந்த தொகுப்பைக் கையால் முறுக்கிச் சரிசெய்ய முடியாது. திருப்பி அனுப்புவதுதான் வழி. மாட்டும்போது எல்லா நட்டுகளையும் முதலில் விரலால் ஏற்றி, ஸ்ட்ரட் ஒழுங்காக உட்கார்ந்ததும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். சென்சார் குச்சியைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள். மறுபக்கமும் இதே கதை, பாதி நேரத்தில் முடியும்.

பின்பக்கம்

முன்பக்கத்தை இறக்கி, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுப் பின்பக்கத்தைத் தூக்குங்கள். ஸ்டாண்டுகள் சட்டத்தின் கீழ், ஆக்சிலின் கீழ் அல்ல. ஆக்சிலைத் தனி ஜாக்கியில் தாங்க வேண்டும். தூக்கி நிறுத்திய வண்டியில் ஆக்சில் கீழே விழாமல் பிடித்திருப்பது ஷாக்குகள்தான். ஜாக்கியின் தாங்கல் இல்லாமல் ஷாக் போல்ட்டைத் தட்டி எடுத்தால் ஆக்சில் சடாரென்று இறங்கும், வில் எகிறும்.

முதலில் காற்று. கம்ப்ரஸரின் பியூஸை எடுத்துவிடுங்கள். ஷாக்கில் நுழையும் மெல்லிய காற்றுக்குழாயின் பூட்டு வளையத்தை மெதுவாக விடுவித்தால் உஸ் என்று அடைபட்ட காற்று வெளியேறும்; முகத்தைத் தள்ளி வையுங்கள். குழாய் முனையை மூடி, சட்டத்தோடு கட்டிவிடுங்கள். திறந்து விட்டால் நீரும் மண்ணும் புகும்.

பிளக்கைக் கழற்றி, ஷாக்கின் கீழ் போல்ட், பிறகு மேல் போல்ட் என்று எடுங்கள். இரண்டு ஷாக்கும் வந்த பிறகு ஆக்சிலை ஜாக்கியால் அங்குலம் அங்குலமாக இறக்குங்கள். ஒவ்வொரு அங்குலத்துக்கும் நிறுத்தி, நடுவே வரும் பிரேக் குழாயைப் பாருங்கள். அது விறைத்துவிட்டால் அதற்குமேல் இறக்கக் கூடாது. சுருள்வில் தளர்ந்து கையோடு வந்துவிடும். அதன் மேலும் கீழும் உள்ள ரப்பர் தாங்கிகள் நன்றாக இருந்தால் அவற்றையே புதுவில்லுக்குப் பயன்படுத்தலாம். வெடித்திருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் கிரீச்சிடும். வில்லின் நுனி தாங்கியின் படியில் போய் முட்டி நிற்க வேண்டும். அரை அங்குலம் விலகி உட்கார்ந்தால் ஒரு பக்கம் உயர்ந்து நிற்கும்.

ஆக்சிலை உயர்த்தி ஷாக்குகளை மாட்டுங்கள், ஆனால் ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்) உள்ள போல்ட்டுகளை இப்போது முழுதாக முறுக்காதீர்கள். ஆக்சில் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். ஆக்சிலை ஜாக்கியால் தூக்கி, வண்டி வழக்கமாக நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகு கடைசி முறுக்கு. நேற்று அளந்து எழுதிய எண் இங்கேதான் முதல்முறை கைகொடுக்கும்.

காருக்குப் புரியவைப்பது

இயந்திர வேலை முடிந்தது. ஆனால் சஸ்பென்ஷனின் கட்டுப்பாட்டுப் பெட்டி இன்னும் நான்கு கம்பிச்சுருள்களைத் தேடுகிறது. கண்டுபிடிக்காவிட்டால் எச்சரிக்கை வரி நிரந்தரம்.

தொகுப்போடு வந்த பெட்டியையோ மின்தடைகளையோ பழைய ஷாக் பிளக்குகளில் செருகுவதுதான் வழி. அவை 'நான்தான் ஷாக்' என்று கட்டுப்பாட்டுப் பெட்டியை நம்பவைக்கும். கையில் கிடைத்த சின்ன மின்தடையை வாங்கிப் பற்றவைக்கலாம் என்ற யோசனை எனக்கும் வந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டி மெய்யாகவே மின்சாரம் செலுத்தும். மின்தடை மெய்யாகவே சூடாகும். தாங்கும் திறன் குறைந்தால் பிளாஸ்டிக்கையும் சேர்த்து உருக்கிவிடும். திறன் சரியாக உள்ளதை, உலோகச் சட்டத்தை ஒட்டி, சைலன்சர் குழாய்க்கும் நகரும் உறுப்புகளுக்கும் எட்டாத இடத்தில் பொருத்துங்கள். பிளக்குகளில் மின்கடத்தாக் கிரீஸ் தடவுங்கள். எந்த ஒயரையும் வெட்டாதீர்கள்.

காற்று அமைப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சில தொகுப்புகள் ஷாக் சுருள்களை மட்டும் சமாளிக்கும், கம்ப்ரஸரை விட்டுவிடும். பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று சென்சார் சொன்னால், போக வழியில்லாத காற்றைக் கம்ப்ரஸர் அடித்துக்கொண்டே இருக்கும். முதல்முறை நான் பியூஸைத் திரும்பப் போட்டுவிட்டேன். வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போன பிறகும் அடியில் ஏதோ முனகியது. தொட்டுப் பார்த்தால் கை சுட்டது. தொகுப்பின் கையேடு பியூஸை எடுத்தே வைக்கச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். சென்சார்களை மாட்டியே வைக்கச் சொன்னால் அதையும் அப்படியே.

பேட்டரியை இணைத்து, ஸ்கேனரில் பழைய குறியீடுகளை அழித்து, பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். எச்சரிக்கை வரி திரும்பினால் ஸ்கேனர் எந்த மூலை என்று சொல்லும். பெரும்பாலும் சரியாகச் செருகாத ஒரு பிளக்காக இருக்கும். வண்டி சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்ராக் விளக்கு எரிந்தால் அதை ஒதுக்கிவிடாதீர்கள். அது காரணம் தெரியும்வரை ஆராய வேண்டிய விஷயம்.

தரையில் இறங்கிய பிறகு

வீல் நட்டுகள் 140 அடி-பவுண்டு, அதாவது 190 நியூட்டன் மீட்டர், நட்சத்திர வரிசையில். ஒரு சிறு சுற்று ஓட்டிவிட்டு வந்து மட்கார்டு உயரங்களை அளந்து பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். பழைய வில்கள் தளர்ந்திருந்தால் புது உயரம் கொஞ்சம் கூடுதலாக இருப்பது இயல்பு. இடமும் வலமும் ஒத்திருக்கிறதா என்பதே கேள்வி.

வீல் அலைன்மென்ட் கட்டாயம். முன் உயரம் மாறினால் சக்கரக் கோணமும் மாறும். டை ராடை வேறு கழற்றியிருக்கிறீர்கள். இதைத் தள்ளிப்போட்டால் மிச்சப்படுத்திய பணம் டயர்க் கடைக்குப் போகும். அன்று மாலையே ஒரு சுவருக்கு எதிரே நின்று முகப்பு விளக்கின் வெளிச்சக் கோட்டைப் பாருங்கள், தேவையானால் இறக்குங்கள். நூறு மைல் ஓடிய பிறகு எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் தொட்டுப் பாருங்கள்.

ஓட்டும் சுகம் மாறியிருக்கும். தேய்ந்த மின்னணு ஷாக்கோடு ஒப்பிட்டால் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வேறுபாடு. அது புதிதாக இருந்த காலத்தோடு ஒப்பிட்டால், சிறு விரிசல்களும் பாலத்து இணைப்புகளும் இப்போது கொஞ்சம் கூடுதலாகக் காதில் விழும். என் மனைவி இரண்டாம் நாளே கவனித்துவிட்டாள். எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

கழற்றிய பழைய ஷாக்குகளுக்குள் அழுத்தமான வாயு இருக்கும். ஓட்டை போடவோ நெருப்பில் காட்டவோ வேண்டாம். பழைய உலோகம் எடுக்கும் இடத்தில் என்ன பொருள் என்று சொல்லிக் கொடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள். கடைசியாக, ஒரு துண்டுத் தாளில் 'இசட்55 நீக்கப்பட்டது, நான்கிலும் சாதா ஷாக், பின் வில் மாற்றப்பட்டது, கம்ப்ரஸர் பியூஸ் வேண்டுமென்றே எடுக்கப்பட்டது' என்று உங்கள் மெக்கானிக்குக்குத் தெரிந்த மொழியில் தேதியோடு எழுதி, கையுறைப் பெட்டியில் அந்த வெள்ளை ஒட்டுத்தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். அடுத்து இந்த வண்டிக்கு அடியில் படுக்கப்போகிறவர் முதலில் திறப்பது அந்தப் பெட்டியைத்தான்.